பத்துப் பொருத்தமும் உள்ள பூனை

பூனை பார்க்க வந்த அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சோபாவின் நடுவில் பொருத்த அலுவலர் தமிழ்மாறன். சின்ன வயது, மடிப்புக் கலையாத சட்டை, காலடியில் மூடி போட்ட மூன்று கூடைகள். மின்விசிறிக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் குடியிருப்புச் செயலாளர் பொன்ராஜ் அண்ணாச்சி. அந்த வீட்டில் காற்று விழும் ஒரே இடம் அதுதான் என்று அவருக்குத் தெரியும். கட்டில் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடத் தயாரானவர்போல, வீட்டுக்காரர் குற்றாலிங்கம். வாசலோரத்துச் செருப்புப் பெட்டியின் மேல், யாரும் கூப்பிடாமலே வந்த எதிர்வீட்டு ஜெசிந்தா, தன் வீட்டுப் பூனையைத் தோளில் துண்டுபோலப் போட்டுக்கொண்டு. அடுக்களை வாசலில் முக்காலி போட்டு உலகம்மாள். அங்கிருந்து பார்த்தால் எல்லா முகமும் தெரியும்.

ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அது உலகம்மாளின் தம்பி இசக்கி உட்காருகிற நாற்காலி. அவன் செத்துப்போன பிறகு அதில் ஒரு துணிகூடப் போடுவதில்லை. அண்ணாச்சி வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டார்.

தூத்துக்குடியில் கடல் உப்பளங்களுக்குள் புகுந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்ட பிறகு, ஊர் தூண்களின் மேல் ஏறியது. ஆட்கள் மாடி ஏறினார்கள். எலிகளும் கூடவே ஏறின. விஷம் வைத்தால் அது தண்ணீருக்குப் போய், மீனுக்குப் போய், கடைசியில் நம் குழம்புக்கே வந்துவிடுகிறது என்று விஷத்தைத் தடை செய்தார்கள். வீட்டுக்கு ஒரு பூனை என்று சட்டம் வந்தது. அதற்காகவே இல்லப் பூனைக் கழகம் என்று ஒன்று வந்து, புதுப்புது இனங்களை வளர்த்துக் கொடுத்தது. கடைக்காரர்களுக்கு எலியை விரட்டி விரட்டிப் பிடிக்கும் கருவாலன். குழந்தை உள்ள வீட்டுக்கு, வாலைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும் பொறைச்செல்வி. ஒற்றையாளுக்கு மடியை விட்டு இறங்காத மடிமணி. இப்படி.

எந்த வீட்டுக்கு எந்தப் பூனை என்பதில்தான் அடிதடி வந்தது. கழகம் யோசித்தது. சட்டம் என்றால் மல்லுக்கு நிற்கிற சனம், பொருத்தம் என்றால் வாயை மூடிக்கொள்ளும் என்று கண்டுகொண்டது. கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோலவே பத்துப் பொருத்தம் வைத்தார்கள். வீட்டின் பரப்பு, ஆட்களின் வயது, சமையல் வாசனை, தூங்குகிற நேரம் என்று ஒன்றொன்றாய்ப் பார்த்து, இன்ன வீட்டுக்கு இன்ன இனம் என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பூனை பார்க்க வருகிறவருக்குக் கேசரியும் பஜ்ஜியும் வைத்துக் கொடுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

உலகம்மாள் தண்ணீர் மட்டும்தான் கொடுத்தாள்.

"கேசரி கிண்டலையா தங்கச்சி?" என்றார் பொன்ராஜ்.

"பொண்ணு பாக்க வந்தாத்தான் கேசரி, அண்ணாச்சி. இங்க பொண்ணு யாரு? நானா, பூனையா?"

ஜெசிந்தா சிரித்தாள். ஒரு காலத்தில் அந்தப் பத்தாம் மாடியிலேயே பெரிய சண்டைக்காரி அவள்தான். இப்போதெல்லாம் எதற்கும் சிரித்துவிடுகிறாள்.

தமிழ்மாறன் தொண்டையைச் செருமிக்கொண்டு கூடைகளைத் திறந்தான். மூன்றிலும் ஒரே மாதிரி மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல், ஒன்று சந்தன நிறம்.

"மூணும் மூணு இனமா?"

"இல்லம்மா, மூணுமே தண்மதி. உங்களுக்குப் பிடிச்ச நிறத்தை எடுத்துக்கலாம். வீட்டுக்காரங்க விருப்பம்தான் முக்கியம்னு விதியிலயே இருக்கு."

"அப்ப எனக்குக் கருவாலன் வேணும்."

"அது உங்க வீட்டுக்குப் பொருந்தாதும்மா."

"மடிமணி?"

"அதுவும்..."

"எது பொருந்துது?"

"தண்மதி."

"ரொம்ப நல்ல விருப்பம்" என்றாள் உலகம்மாள். "பத்துல எதுல நாங்க தவறிட்டோம்?"

தமிழ்மாறன் அண்ணாச்சியைப் பார்த்தான். "ஒன்பதும் சரியா இருக்கும்மா. பத்தாவதுலதான். சத்தம்."

"தப்பா எடுத்துக்கிடாத தங்கச்சி" என்று பொன்ராஜ் முன்னால் நகர்ந்தார். "இந்த மாடியிலயே சத்தம் ஜாஸ்தின்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். எல்லார் வீட்டுக்கும் தண்மதி வந்தாச்சு. ஒன் வீடு ஒண்ணுதான் பாக்கி. நீ எழுதுத கடுதாசியப் படிச்சுப் படிச்சு மேலாபீசுல ஒரு கிளார்க்குக்கு பிரஷரே வந்துட்டாம். வரிக்கு வரி வெந்நி மாதிரி கொதிக்குதாம்."

"இது என்ன செய்யும்?" உலகம்மாள் தமிழ்மாறனைத்தான் கேட்டாள்.

அவன் நல்ல பையன். மறைக்காமல் சொன்னான். "பூனை சுகமா இருந்தா தொண்டைக்குள்ள 'குர்ர்'னு ஒரு சத்தம் போடும் இல்லையா? தண்மதிக்கு அந்தச் சத்தத்தோட அளவை மாத்தி வளர்த்திருக்கோம். உடம்பு மயிர்ல ஒரு வாசனையும் இருக்கு. நம்ம மூக்குக்குத் தெரியாது, மூளைக்குத் தெரியும். ஒரே வீட்டுல கொஞ்ச நாள் இருந்தா நெஞ்சுத் துடிப்பு நிதானத்துக்கு வந்துடும்."

"கோவமே வராதா?"

"வரும்மா. வந்தா உட்காராது. எழுந்து போயிடும்."

"எலி பிடிக்குமா?"

பதில் செருப்புப் பெட்டியில் இருந்து வந்தது. "பிடிக்கும்க்கா. ஆனா எங்க வீட்டு எலி இப்பல்லாம் ஓடுறதே இல்ல, நடந்துதான் போவுது. இதுவும் பசிச்சா எந்திரிச்சுப் போயி ஒண்ண எடுத்துக்கிடும். சந்தையில கத்தரிக்கா பொறுக்குத மாதிரி."

கூடம் சிரித்தது. உலகம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. "தானா ஒரு வீட்டுக்குப் பொருத்தம் பாக்க மாட்டீங்கள்ல. வீட்டுல யாராவது மனு குடுக்கணும். யாரு குடுத்தது?"

கட்டில் கிறீச்சிட்டது. "நான்தான்" என்றார் குற்றாலிங்கம்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"எனக்குத் தூக்கம் இல்லட்டி உலகு. நீ பகல்லாம் எழுதுத. ராத்திரி படிச்சுக் காட்டுத. ஒவ்வொரு மட்டமும் மாப்ள திரும்பச் சாவுதான். என்னால தாங்க முடியல."

இசக்கி அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பதாம் மாடிக்கும் பத்தாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோன ஒரு காலையில், மெயினை அணைத்துவிட்டுப் பத்தாம் மாடி வழியாக லிஃப்ட் குழிக்குள் இறங்கினான். அவன் உள்ளே இருக்கும்போதே யாரோ மெயினைப் போட்டுவிட்டார்கள். தான் இறங்குவதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, அவனுடைய கவனக்குறைவே காரணம் என்று பராமரிப்புக் குழு எழுதிக் கோப்பை மூடியது. ஆனால் அவன் சொல்லியிருந்தான். "மெயினப் போடாதீங்க, நான் உள்ள இருக்கேன்" என்று குழியிலிருந்து போட்ட சத்தம் பத்தாம் மாடி முழுக்கக் கேட்டது. கேட்ட யாரும் கையெழுத்துப் போடவில்லை. செத்தவன் மேல் அந்தப் பழி அப்படியே நின்றது. அதைத் துடைக்கத்தான் உலகம்மாள் எழுதிக்கொண்டிருந்தாள். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

"வேண்டாம்னு சொன்னா?"

"பொருத்தம் சொன்ன பொறவும் பூனைய எடுக்காத வீட்டுக்குத் தண்ணி லைன் கிடையாது தங்கச்சி, தெரியும்ல" என்றார் பொன்ராஜ், பூனையைவிட மெதுவான குரலில். "இது ஸ்டாஃப் வீடு வேற. பம்ப் ரூம் வேலையோட சேந்தது. நம்ம குற்றாலிங்கத்துக்கு ஒரு சங்கடம் வந்துரக் கூடாதுல்லா?"

உலகம்மாள் எழுந்தாள். "வச்சிட்டுப் போங்க. பூனையத்தான் வாங்குதேன். அமைதிய வாங்கல."

சாம்பல் நிறத்தது தானாகவே கூடையை விட்டு வெளியே வந்தது. கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. ஒருவரையும் மோந்து பார்க்கவில்லை. நேராகப் போய்ப் பிரம்பு நாற்காலியில் தாவி ஏறி, மூன்று தடவை வட்டம் போட்டுச் சுருண்டு படுத்தது.

உலகம்மாள் போய் அதை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் விட்டாள். அது மறுபடி ஏறியது. மறுபடி இறக்கிவிட்டாள். மறுபடியும் ஏறியது. அதற்குக் கோபமே வரவில்லை என்பதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

*

அவள் படித்தது ஏரல் பள்ளிக்கூடத்தில், பத்தாவது வரை. அங்கே கற்றுக்கொண்டதில் கடைசிவரை கைவிட்டுப் போகாதது கடிதம் எழுதும் முறை. இடப்பக்கம் அனுப்புநர், அதன் கீழ் பெறுநர், நடுவில் பொருள், பிறகு 'ஐயா'. எந்தக் கடிதத்தையும் அவள் அந்த வரிசை பிசகாமல்தான் தொடங்குவாள். முதல் பத்தி நிதானமாகப் போகும். இரண்டாவதில் பேனா அழுத்தும். மூன்றாவதில், 'உங்கள் பிள்ளையை அந்தக் குழிக்குள் இறக்கிவிட்டு மெயினைப் போட்டால் அதற்கும் கவனக்குறைவு என்று எழுதுவீர்களா' என்று வந்துவிடும். அதற்கு மேல் தாள் கிழியும். வந்த பதில்களில் எல்லாம் ஒரே வரிதான்: தங்கள் கடிதத்தின் தொனியைக் கருத்தில் கொண்டு மேல்நடவடிக்கை தேவையில்லை என முடிவு செய்யப்படுகிறது.

எனவே பூனையை எதிர்ப்பதையும் முறைப்படி செய்தாள். அடுக்களைக் கதவைச் சாத்தி வைத்தாள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தாள். மாடிப்படித் திருப்பத்தில் போய் உட்கார்ந்து எழுதினாள். மீன் தலையை வேகவைத்து ஜெசிந்தா வீட்டு வாசலில் வைத்து, பூனை தன் வீடு எது என்பதையே மறந்துபோகும்படி பார்த்தாள். பூனை மீன் தலையைத் தின்றுவிட்டு, நன்றி சொல்வதுபோல வந்து பிரம்பு நாற்காலியில் படுத்துக்கொண்டது.

தினமும் காலையில் உலை வைத்ததும் ஒரு சோதனை. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, நடந்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். "என் தம்பி இசக்கி. குழிக்குள்ள இருந்து சத்தம் போட்டான். போட்ட பொறவும் மெயினப் போட்டாங்க." குரல் நடுங்கினால் சரி, இன்னும் இருக்கிறது. அப்புறம்தான் அரிசி களைவாள்.

குற்றாலிங்கம் மாறிப்போனார். சாப்பிட்டு முடித்ததும் தூங்கினார். பம்ப் ரூம் கதைகளைச் சொல்லிச் சிரித்தார். ஒரு நாள் மீன் குழம்பை நக்கிக்கொண்டே, "இத மாப்ள இருந்தான்னா சட்டியோட தூக்கிருப்பான்" என்று சொல்லி, கறிவேப்பிலையை ஒதுக்கிவிட்டு, அடுத்த வாய் சோற்றை எடுத்தார். எதுவும் தொண்டையில் சிக்கவில்லை. அன்றைக்கு உலகம்மாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். தம்பியை இரண்டாவது முறை கொன்றுவிட்டார்கள் என்று தோன்றியது. இந்த முறை ஒரு மயிர்க்கற்றையால்.

மாடி முழுக்க அப்படித்தான் ஆகியிருந்தது. இசக்கி செத்த புதிதில் அவள் தாளும் பேனாவுமாக வீடு வீடாக ஏறினாள். கேட்டோம் என்றார்கள். அழுதார்கள். கையெழுத்து என்றதும் கதவைச் சாத்தினார்கள். 'எம் பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்கக்கா போவேன், வீட்ட விட்டுத் தொரத்திருவாங்களே' என்று ஜெசிந்தா அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 'என் தம்பி செத்துக் கிடக்கான், ஒனக்கு வீடா பெருசு' என்று உலகம்மாள் கத்தினாள். பிறகு ஒவ்வொரு வீடாகத் தண்மதி வந்தது. 'போகட்டும் விடுங்கக்கா' என்று எல்லாரும் ஒரே மெட்டில் சொல்ல ஆரம்பித்தார்கள். சரி, இவர்கள் நெஞ்சில் இருந்த கொஞ்சநஞ்சச் சூட்டையும் பூனை நக்கிவிட்டது என்று நினைத்து, அவள் கேட்பதையே நிறுத்திவிட்டாள்.

அப்புறம் ஒரு நாள் காலை உலை வைத்தாள். "என் தம்பி இசக்கி" என்று தொடங்கினாள். கடைசிவரை சொல்லி முடித்தாள். குரல் நடுங்கவில்லை.

இன்னொரு முறை சொன்னாள். குரல் சலித்த மாவுபோல ஒரே சீராக வந்தது.

நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுக் கடிகாரம்போல. சாத்திய கதவின் கீழ் இடுக்கு வழியாகவே எல்லாம் உள்ளே வந்திருக்கிறது. பதற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பதற்றம் வரவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். இனி மூடி வைத்து என்ன? பூனை உள்ளே வந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கால்மடக்கிப் படுத்தது.

அப்போதுதான் கிரைண்டருக்குப் பின்னாலிருந்து எலி வந்தது.

நடந்துதான் வந்தது. பூனையின் முன்னங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. சிந்திக் கிடந்த அரிசியை எடுத்துக் கொறித்தது. பின்னங்காலில் எழுந்து உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டது. உலகம்மாள் காலால் தரையைத் தட்டினாள். அது அவளைத் திரும்பிப் பார்த்தது, 'என்ன?' என்று கேட்பதுபோல.

அவள் உலை வைத்த ஈரக் கையோடு அப்படியே நின்றாள். எலிக்கு என்றைக்காவது கோபம் இருந்திருக்கிறதா? பூனை மேல் எலிக்கு இருந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அதுதான் இப்போது அதனிடம் இல்லை.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

*

"வாங்கக்கா" என்றாள் ஜெசிந்தா. தோளில் பூனை. கையில் வெங்காயம்.

இந்த முறை உலகம்மாள் கத்தவில்லை. கத்த வரவுமில்லை. "ஜெசிந்தா, அன்னைக்குக் குழிக்குள்ள இருந்து இசக்கி என்ன சொன்னான்?"

"'மெயினப் போடாதீங்க, நான் உள்ள இருக்கேன்'னு. ரெண்டு மட்டம் சொன்னான். ரெண்டாவது மட்டம் 'ஏ அண்ணாச்சி'ன்னு கூப்பிட்டுச் சொன்னான்."

"எந்த அண்ணாச்சி?"

"நம்ம பொன்ராஜ் அண்ணாச்சிதான். அவுக கீழ மெயின் பக்கத்துல நின்னுட்டு இருந்தாக. படி வழியா எட்டிப் பார்த்தேன்ல."

"இதை எழுதிக் கையெழுத்துப் போடுதியா?"

"போடுதேன். பேனா இருக்கா?"

உலகம்மாளுக்கே நம்ப முடியவில்லை. "அன்னைக்கு வீட்ட விட்டுத் தொரத்திருவாங்கன்னு அழுதியே."

ஜெசிந்தா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். ஞாபகத்தில் ஏதோ சாமானைத் தேடுவதுபோல நெற்றியைச் சுருக்கினாள். "ஆமா. அழுதேன். வயித்துக்குள்ள கல்லு கணக்கா ஒரு பயம் கெடந்துச்சு. அது எங்க போச்சுன்னே தெரியலக்கா." பிறகு ஒருமாதிரி வெட்கத்தோடு சொன்னாள்: "நீங்களும் பொறவு கேக்கவே இல்லையே."

அதுதான் உண்மை. அவர்களிடம் அவள் கோபத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். கையெழுத்தைக் கேட்டிருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும். கோபத்தை ஆற்றுகிற மருந்து பயத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டுப் போகுமா? இரண்டும் ஒரே பானையில் கொதிக்கிற தண்ணீர்தானே. கழகத்தில் அத்தனை படித்தவர்கள் இருந்தும், கட்டடத்தில் அத்தனை தந்திரக்காரர்கள் இருந்தும், ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சத்தம் போடுகிறவர்களைத்தான் ஆபத்து என்று அவர்கள் நினைத்துப் பழகியிருந்தார்கள்.

அன்று பத்தாம் மாடியில் ஒரு கதவும் சாத்தப்படவில்லை. கடைசி வீட்டுச் சேசம்மா டீச்சர் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதி, பிழை பார்த்துத் திருத்திக் கொடுத்தார். மீன் வலை தைக்கிற அந்தோணி, "இதுக்காக எங்க படகு லைசன்ச ரத்து பண்ணுவாங்கள்ல?" என்று கேட்டான். "பண்ணலாம்" என்றாள் உலகம்மாள். "சரி" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். மழை வருமா என்று கேட்டுவிட்டுக் குடை எடுத்துக்கொள்கிற மாதிரி.

நியாயம் கிடைக்கப்போகிற வேளையில் நெஞ்சு நிறைய வேண்டும் என்று உலகம்மாள் இத்தனை நாள் கனவு கண்டிருந்தாள். நிறையவில்லை. கோபம் இல்லாமல் நியாயம் கேட்பது உப்பில்லாக் கஞ்சி குடிப்பதுபோல இருந்தது. அதுவும் உப்பு விளைந்த ஊரில். ஆனாலும் கஞ்சி கஞ்சிதான். குடித்தவளால் நடக்க முடிந்தது.

*

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த குற்றாலிங்கம் மேஜை மேல் இருந்த தாள்களைப் பார்த்தார். உட்கார்ந்து ஒவ்வொன்றாய்ப் படித்தார். பூனை அவர் கால்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வந்தது.

"இன்னும் ஒரு தாள் இருக்கா?" என்றார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

உலகம்மாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பம்ப் ரூமும் மெயின் ரூமும் அடுத்தடுத்துத்தானே. மாப்ள போட்ட சத்தம் எனக்கும் கேட்டுச்சு. அதுக்குப் பொறவு அண்ணாச்சி அங்க நின்ன ஆளுகிட்ட, 'போடுல, கீழ பெரிய மனுசங்க லிஃப்டுக்குக் காத்துக் கெடக்காங்க, அவன் ஏறியிருப்பான்'னு சொன்னதும் கேட்டுச்சு. நான் எந்திரிச்சேன். எந்திரிக்கதுக்குள்ள போட்டுட்டாங்க." சாதாரணமாகத்தான் சொன்னார். கண்ணில் இருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்குவது அவருக்குத் தெரிந்ததாகவே தெரியவில்லை. "வேல போயிரும், வீடு போயிரும்னு நாக்கு ஒட்டிக்கிட்டு. நீ ராத்திரி படிச்சுக் காட்டும்போதெல்லாம் அதான் எனக்குத் தூக்கம் வரல."

எதிரே உட்கார்ந்து தினமும் சோறு தின்ற மனிதர். உலகம்மாள் தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். எரிய வேண்டிய இடத்தில் வெறும் அடுப்புதான் இருந்தது. விறகு மட்டும் அப்படியே அடுக்கி வைத்திருந்தது.

"எழுதுங்க" என்று தாளை நகர்த்தினாள். "நீங்க எழுதி முடிச்ச பொறவு ஒண்ணு சொல்லுதேன். ஒங்க மேல கோவப்பட எனக்கு ஒரு நாள் வேணும். எங்க சின்னம்மா வீட்டுக்கு ஏரலுக்குப் போவேன். அங்க இன்னும் நாட்டுப் பூனைதான். கோவத்த முழுசாப் பட்டு முடிச்சிட்டுத்தான் திரும்புவேன். திரும்பணும்னு தோணுனா."

"சரி உலகு" என்றார் அவர். எழுதினார்.

பிறகு அவள் கடிதம் எழுத உட்கார்ந்தாள். எங்கே உட்காருவது என்று ஒரு கணம் நின்றாள். பூனையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, தம்பியின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, அதை மடியில் விட்டுக்கொண்டாள். அது 'குர்ர்' என்று தொடங்கியது. "கத்து, நல்லாக் கத்து" என்றாள் அதனிடம். அனுப்புநர். பெறுநர்: மாநிலத் தொழில் விபத்து விசாரணை மன்றம். பொருள். ஐயா.

முதல் பத்தி நிதானமாகப் போனது. இரண்டாவதும். மூன்றாவது பத்தியில், எப்போதும் தாள் கிழிகிற இடத்தில், யார் எங்கே நின்றார்கள், என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார் என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்டு எழுதினாள். ஒரு சாபம் இல்லை. ஒரு கேள்விக்குறிகூட இல்லை. எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தாள். இந்தக் கடிதத்தின் தொனியைக் கருத்தில் கொண்டு எந்தக் கொம்பனாலும் கோப்பை மூட முடியாது.

உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது பொன்ராஜ் அண்ணாச்சி வந்தார். படியேறி வந்திருக்க வேண்டும்; மூச்சு வாங்கியது. மேல் சட்டை நனைந்திருந்தது. இந்த முறை மின்விசிறிக்குக் கீழே போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, மாடியில என்னவோ கையெழுத்து வாங்குறியாமே."

"வாங்கியாச்சு அண்ணாச்சி. உள்ள வாங்க."

"யோசிச்சுச் செய்யி. எல்லாருக்கும் குடும்பம் இருக்கு. இது எங்க போயி முடியும்னு யாருக்கும் தெரியாது." கீழே அவர் நடத்துகிற கடையில் இருப்பது கருவாலன். வீட்டில் இருப்பதும் அதுவே. அந்தப் பத்தாம் மாடியில் அப்போது பயப்படத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அத்தனை பேரின் பயத்தையும் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு நின்றார். "நாளைக்கே எல்லாப் பூனையையும் திரும்ப எடுத்துக்கிடச் சொல்லி எழுதிருவேன். அப்ப பாரு, ஒவ்வொருத்தரும் ஓடி வந்து கையெழுத்த வாபஸ் வாங்குவாங்க."

"எடுத்துக்கிடட்டும். அதான் இன்னைக்கே அனுப்புதேன்" என்றாள் உலகம்மாள். "பயம் திரும்பி வரும் அண்ணாச்சி. கூடவே கோவமும் திரும்பி வரும். அதையும் சேத்து யோசிச்சுக்கிடுங்க."

அவர் அவள் கையிலிருந்த உறையையே பார்த்தார்.

"ஒக்காருங்க. நெஞ்சு படபடன்னு அடிக்குது பாருங்க, இங்க வரைக்கும் கேக்குது." பூனையைத் தூக்கி அவர் பக்கம் நீட்டினாள். "கொஞ்ச நேரம் மடியில வச்சுக்கிடுங்களேன். ஒங்களுக்குத்தான் இப்பப் பத்துப் பொருத்தமும் இருக்கு."

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே இறங்கினார். ஜெசிந்தா தன் வாசலில் நின்று, "பாத்துப் போங்க அண்ணாச்சி, ஒன்பதாவதுல ஒரு படி ஒடஞ்சிருக்கு" என்று அக்கறையாகச் சொன்னாள்.

உலகம்மாள் வாக்குமூலங்களை அடுக்கி, கடிதத்தை மேலே வைத்து உறையில் போட்டாள். உறை வாயில் கோந்து தடவினாள். மடிக்கப் போகும்போது பார்த்தாள், கோந்தில் ஒரு சாம்பல் மயிர் ஒட்டியிருந்தது. எடுக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். மன்றத்தில் இதைப் பிரிக்கிறவரும் மனிதர்தானே. அவருக்கும் வேலை இருக்கும், வீடு இருக்கும், மேலதிகாரி இருப்பார். இருக்கட்டும் என்று மடித்து, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினாள்.

இசக்கி போன பிறகு அவள் லிஃப்டில் ஏறியதில்லை. பத்து மாடியும் படி வழியாகவே இறங்கி, கீழே படகுத்துறையை ஒட்டிய தபால் நிலையத்துக்குப் போனாள். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. உள்ளே இருந்த பெண் எடை போட்டு, தபால் தலை ஒட்டி, "என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா, இவ்வளவு கனமா இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா, பொருத்தம் பாத்தாச்சு" என்றாள் உலகம்மாள்.

முத்திரை உறையின் மேல் விழுந்தது. அந்தப் பெண் அதை எடுத்து, மாலைப் படகுக்குப் போகிற சாக்கில் போட்டு, சாக்கின் வாயைக் கட்டினாள்.